பதுளைக்கு வந்த ரயில் கோடு

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை முழுக்க அதிவேக ரயில் பாதை போடலாமா என்று பார்க்க மூன்று நில அளவையாளர்கள் பதுளைக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். அந்த ரயில் இன்றுவரை வரவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. என் பொறுப்பு மொழிபெயர்ப்பு மட்டும். தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த எனக்குச் சிங்களம் நன்றாக வரும். வாய் அதைவிட நன்றாக வரும். பதுளையில் ரயில் ஏறினால் கொழும்பு போய்ச் சேரப் பகல் முழுக்கக் கரைந்துவிடும் காலத்தில், "கொழும்பில் காலைச் சாப்பாடு, பதுளையில் பகல் சாப்பாடு" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

வந்தவர்கள் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மூங்கில் கம்புகளைத் தேயிலை மலையில் வரிசையாக நட்டு, ரயில் போகக்கூடிய வழியைக் குறித்தார்கள். மறுநாள் பகல் கொழும்பிலிருந்து பெரிய எஞ்சினியர் வருவார். அந்த வரிசையைப் பார்த்து அவருக்குத் திருப்தி வந்தால் வரைபடத்தில் கோடு பதுளை வரை வரும். வராவிட்டால் கீழே எங்கேயோ நின்றுவிடும்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு கம்புகூட இல்லை.

நாட்டின் முதல் அதிவேக ரயிலாக நானே மலையில் மேலும் கீழும் ஓடித் தேடினேன். எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை. அரசாங்கக் கம்பு, காணாமல் போனது தமிழ்த் தோட்டத்தில், காலமோ யுத்தக் காலம். பொலிஸ் ஜீப், விசாரணை, பத்திரிகையில் என் படம் என்று எல்லாம் கண்முன் வந்து போயின. படத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தேன் என்பது மட்டும்தான் ஆறுதல்.

அப்போதுதான் மேலே கொழுந்து பறிக்கும் பெண்கள் கண்ணில் பட்டார்கள். ஒவ்வொருத்தர் முன்னாலும் செடிமேல் ஒரு சிவப்பு வெள்ளைக் கம்பு சுகமாகப் படுத்திருந்தது. கொழுந்தை ஒரே மட்டமாக எடுக்கச் செடிமேல் வைக்கிற மட்டக்கம்பு இல்லாமல் யாரும் மலைக்கு வரக்கூடாது என்று முந்தின நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி சத்தம் போட்டிருந்தார்.

"அக்கா, இதை எங்கருந்து எடுத்தீங்க?"

"தொரை நட்டு வச்சிருந்தாருங்க. பெயின்ட் வேற அடிச்சுக் குடுத்திருக்காரேன்னு அசந்து போயிட்டோம்."

"அது ரயில் பாதைக்கு நட்டது அக்கா!"

"அடக் கடவுளே! சொல்லி வைக்கிறதில்லையாங்க?"

ஊரெல்லாம் ரயில் விட்ட நான் கம்பு எதற்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. மூத்த அளவையாளர் ஏறி வந்து பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவரோ சிரித்துவிட்டு, "மறுபடி நட நேரமில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு இவர்களையே நிற்கச் சொல், நான் கருவியில் பார்த்துச் சரிசெய்கிறேன்" என்றார்.

கங்காணி குறுக்கே வந்தார். "கொழுந்து நிறுவை கொறஞ்சு சம்பளத்த வெட்டுனா எங்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்."

பெண்கள் தயங்கினார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வீட்டுக்கு வர முடிகிற, கொழும்புத் தையல் ஆலையில் வேலை செய்யும் மகளைப் பெற்ற அக்கா ஒருவர் என்னைப் பார்த்தார்.

"அந்த ரயிலு வந்தா என் மக ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போவாளாங்க?"

"காலையில வந்து அந்தியில போயிரலாம் அக்கா."

அவர் கம்பைத் தூக்கி நிறுத்தினார். "வாங்கடி. ஒரு நா கொழுந்து போனாப் போவுது."

அளவையாளர் கீழிருந்து கையை ஆட்ட, நான் மலை அதிரக் கத்தினேன். "எடது பக்கம் அக்கா! இன்னும்! இன்னும்!"

"இன்னும் போனா தண்ணிக் கானுக்குள்ள விழுவேன் ஐயா. ரயில எம்மேலயா ஏத்தப் போறீங்க?"

பசறை ரோட்டில் ஜீப்பின் சத்தம் கேட்டு நான் அளவையாளரிடம் இறங்கி வந்தபோது என் தொண்டை செத்திருந்தது. வளைவில் இறங்கிய எஞ்சினியர் நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கூடையும் கம்புமாக, அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே வளைவில் பெண்கள் நின்றார்கள். வெறும் கம்புகளாக இருந்திருந்தால் தேயிலைக்குள் மறைந்தே போயிருக்கும்.

"ஆட்களை நிறுத்தச் சொன்னது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் அளவையாளரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பாதை இப்படித்தான் தெளிவாகத் தெரியும் சேர்" என்றார் அளவையாளர், கண்ணைக்கூட இமைக்காமல்.

எஞ்சினியர் ஜீப்பின்மேல் வரைபடத்தை விரித்தார். பென்சில் எங்கள் மலையைச் சுற்றி வளைந்து போய்ப் பதுளையில் நின்றது. நான் செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு மலையேறி ஓடினேன்.

"போட்டுட்டாங்க அக்கா! கோடு பதுளை வரைக்கும் போட்டுட்டாங்க!"

மகளைப் பெற்றவர்தான் முதல் குலவை போட்டார். அது வரிசையில் ஒவ்வொருத்தராகத் தொற்றி உச்சிவரை ஏறியது. எங்கள் மலையில் அவ்வளவு வேகமாக எதுவும் போய் நான் பார்த்ததில்லை.