அக்கா உத்தரவாதம் தந்த நீலம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களும் நண்பர்களும் கண்ணைக் கசக்க வேண்டாம். நான் சொல்லப்போவது அவர் துள்ளிக் குதித்த கதை.

மந்தைவெளியில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டு, தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நாளெல்லாம் நின்றே என்னைப் படிக்க வைத்தார். "சாயம் போகுமா?" என்று கேட்காமல் புடவை வாங்குபவர் உண்டா? "போகாதும்மா" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. போகுமோ போகாதோ, அக்காவுக்கு எப்படித் தெரியும்!

"வாய் கூசுதுடா. நானே தைரியமா சொல்ற மாதிரி ஒரு கலராவது பாத்துடணும்" என்பார்.

வேலையை விட்டதும் வீட்டின் பின்பக்கம் அவுரி விதைத்தார். இலையில் நீலச் சாயம் தரும் செடி. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடுமென்று, கொட்டும் மழையில் குடையோடு நின்று மண்ணைக் கீறி வழி வெட்டுவார். முதல் வருடம் பூத்த செடியை வெட்ட மனம் வரவில்லை. பூத்தபின் சாயம் குறைந்துவிடும். துணி வெளிறிப்போய் வந்தது. அடுத்த வருடம் மொட்டு விட்ட அன்றைக்கா அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்! வாசலில் ஆட்டோ நிற்கிறது, அக்கா கத்தியோடு செடியருகே நிற்கிறார். அவர் வெட்டித் தந்த தழையை நான் ஊற வைத்தேன்.

மறுநாள் காலை போனில் அதட்டல்.

"தண்ணி இன்னா கலர்ல கீது?"

"பச்சையா கீதுக்கா."

"தழைய எடுத்துட்டு சுண்ணாம்புத் தண்ணி ஊத்து. துணிய முக்கி காத்துல புடி."

"துணியும் பச்சையாத்தான் கீது!"

"அவசரப்படாதடா, புடி!"

அடடா! என் கண்ணெதிரே பச்சை நீலமாயிற்று. நான் போட்ட கூச்சலைக் கேட்டு, கெட்ட செய்தி என்று நினைத்து மாடி வீட்டம்மா அழுதுகொண்டே ஓடி வந்தார். போனிலோ அக்கா, "வந்துச்சாடா? சொல்லித் தொலையேன்!" என்று கத்துகிறார்.

துணியோடு ஓடினேன். மருத்துவமனைக் குழாயில் அவரே அலசினார். முதல் தண்ணீரில் நீலம் இறங்கியதும் முகம் வாடிவிட்டது. விடவில்லை; சோப்புப் போட்டுக் கசக்கினார். தண்ணீர் தெளிந்தே வந்தது.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த மாடி வீட்டம்மாவுக்கும் நன்றி. செவிலியர் ஒருவருக்குத் தனி வணக்கம். தலையணைமேல் கிடந்த துணியைத் தடவிப் பார்த்து அவர்தான் கேட்டார்: "அழகா இருக்கேம்மா, சாயம் போகுமா?"

எங்கள் அக்கா எழுந்து உட்கார்ந்தே பதில் சொன்னார்: "போகாதும்மா. நான் சொல்றேன்."