மாமா தெருவுக்கு ஊதா நிறம்

கலர் மானிட்டரில் கள்ளிக்குப்பத்தை முதன்முதலாகப் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த தெருக்களெல்லாம் அதில் நூல் நூலாகக் கிடந்தன. பச்சை என்றால் எங்களிடம் படம் கேட்ட வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் தெரு, ஊதா என்றால் எதிராளிக்கு, மஞ்சள் என்றால் சொல்ல முடியாது. மாமா குடியிருந்த தெரு ஊதாவில் இருந்தது. அட, இதென்ன கூத்து என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆபரேட்டராக இருந்தேன். கம்பெனிகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. உள்ளாட்சித் தேர்தல் வந்ததும், கவுன்சிலர் பதவிக்கு நின்ற ஒருவரிடம் எங்கள் முதலாளி போய், எந்தத் தெரு யாருக்குப் போடும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என அளந்துவிட்டார். எதை வைத்துச் சொல்லும்? சுவரை வைத்து! சைக்கிளில் ஆள் அனுப்பி, ஒவ்வொரு தெருவிலும் யாருடைய சின்னம் அதிகம் வரைந்திருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். அதை நான் ஏற்றினேன். மெஷின் நிறம் பூசியது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த வேட்பாளரின் கட்சிக்கு மீசை முளைத்த நாளிலிருந்து உழைத்தவர். ஓட்டுப்பதிவு அன்று பூத்தில் கட்சி ஏஜென்ட்டாக உட்காருவது எப்போதும் அவர்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்துவர மாட்டார். வேலை பார்த்த பேக்டரியில் அவரை யாரும் சீந்தியதில்லை. அந்த ஒரு நாள் உட்காருவதில்தான் அவருடைய மரியாதை முழுவதும் இருந்தது.

அப்படிப்பட்டவர் வீட்டுச் சுவரில் எதிர்க்கட்சிச் சின்னம் வந்த கதை இதுதான். அந்தத் தெருவில் எங்களைப்போல் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் அதிகம். கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். சின்னம் வரைய வருகிறவர்கள் முதலில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் வரைவார்கள். ஆகவே எந்தக் கட்சி முதலில் வாளியோடு வருகிறதோ அதற்குச் சுவர். தேர்தல் முடிந்ததும் சின்னத்தின்மேல் மட்டும் ஒரு கை பூசினால் பண்டிகைக்கு வீடு தயார். அந்த முறை எதிர்க்கட்சிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மாமா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அத்தையும் தலையாட்டிவிட்டார். மாமா கோபப்படவில்லை. "வுடு, செவுத்துக்கு இன்னா ஓட்டா கீது?" என்று சிரித்தார்.

இதை முதலாளியிடம் சொன்னேன். "உங்க மாமா தெருன்றதால சொல்றியாம்மா?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்று முதல் நான் கிளம்பும்போதெல்லாம் அவர் கண் என் கைப்பையின் மேலேயே இருந்தது.

படத்தைப் பார்த்த வேட்பாளர் மறுநாளே வேலையைக் காட்டினார். அவர் அனுப்பிய தண்ணீர் லாரி அடுத்த தெருவோடு திரும்பிவிட்டது. மாமா போய்க் கேட்டார். "ஊட்டு செவுத்துல அவன் சின்னத்த வச்சிகினு இங்க இன்னா அண்ணாத்தே வேல? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றாராம் வேட்பாளர். மாமா சுண்ணாம்புக் கதையைச் சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கூடியது. சுண்ணாம்புக்கு விலை போனவன் என்று பக்கத்திலிருந்தவன் சிரித்தான். பூத்தில் உட்கார வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு மாமா மாமாவாக இல்லை. அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் போட்டுக்கொடுத்தார் என்று அவரோடு பேச்சை நிறுத்தினார். கடைசியில் என்னிடமே வந்தார். "நீதான அந்தப் பொட்டில வேல செய்ற? யார் சொன்னா, சொல்லு கண்ணு." யாரும் சொல்லவில்லை மாமா, சுவரைப் பார்த்து அதுவாகப் போட்டது என்றேன். அவர் நம்பவில்லை. தூக்கி வளர்த்த மனுஷன் என்னை வேவுக்காரியைப்போல் பார்த்தார்.

அந்தத் தெருப் பெட்டியைப் பிரித்தபோது எதிர்க்கட்சி ஓட்டாகவே குவிந்தது. வேட்பாளர் தோற்றார். முதலாளிக்கோ ஒரே குஷி. "பொட்டி சொன்னது அப்பிடியே நடந்துச்சு பாத்தீங்களா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பூந்தமல்லியிலிருந்துகூட ஆட்கள் படம் கேட்டு வந்தார்கள். இன்று தேர்தல் வந்தால் டிவியில் ஊர் ஊராக நிறம் பூசிக் காட்டுகிறார்கள். வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். எனக்கு மட்டும், நிறம் முதலில் வந்ததா ஓட்டு முதலில் வந்ததா என்கிற சந்தேகம் போவதேயில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை அடுப்படியில் இருந்தார். தெருவே மாற்றிப் போட்டுவிட்டதே மாமா, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். தட்டிலிருந்து அவர் நிமிரவில்லை.

"எதிராளின்னு வரஞ்சி வச்சிட்டாங்க இல்ல? அப்பிடியே குத்திட்டு வந்துட்டேன்" என்றார். "மொத தபா கண்ணு."