கண் மூடிய நான்கு நிமிடம்

தண்ணீர் சோதிக்கும் லேப்காரர் கையெழுத்துப் போட்டால் அவர் அக்கா வீட்டுத் தெருவே தண்ணீர் குடிக்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர், சும்மாவா? அப்படிப்பட்டவர் அன்று காலை திரை முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கருவி மாதிரியில் கலந்திருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும். ஹீலியம் ஊதாவாக ஒளிரும் சின்னக் குழாயில் அவை சுக்குநூறாக உடைந்து, தனிமத்துக்கு ஒரு நிறமாக மின்னும். டீசல் என்றால் திரையில் கார்பன், ஹைட்ரஜன் கோடுகள் மட்டும் எழும். அக்கா தெருவை ஒட்டிய ஆலையில் எண்ணெய்ப் பிசுக்கு கழுவும் திரவம் என்றால் குளோரின் கோடும் கூடவே எழும். பொய் சொல்லாத கருவி.

ஆனால் அதற்கும் கண் மூடும் நேரம் உண்டு. நீரிலிருந்து மாசைப் பிரித்தெடுக்கச் சேர்க்கும் கரைப்பான் முதலில் வரும். அதை உள்ளே விட்டால் குழாயில் கரி அப்பிக்கொள்ளும். அதனால் முதல் நான்கு நிமிடம் வருவதையெல்லாம் வெளியே திருப்பிவிடுவார்கள். மூன்று மாதம் முன் அக்கா வீட்டுக் கிணற்று நீரையும் அப்படித்தான் பார்த்தார். குளோரின் கோடு படுத்தே கிடந்தது. 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

அக்கா மகள் கண் மஞ்சளாகிப் படுத்த பிறகுதான், அந்தத் திரவம் ஈரலைத் தாக்கும் என்பது நினைவுக்கு வந்து பொறி தட்டியது. இன்று கடைசியில் வெளிவரும் வேறு கரைப்பானை ஊற்றி, கண்ணை மூடாமல் ஓட்டினார். மூன்றாவது நிமிடம். குளோரின் கோடு விருட்டென்று எழுந்து நின்றது.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் மேலாளர்.

"அன்னிக்குக் கண்ணை மூடியிருந்தப்ப போயிடுச்சு சார்."

"மெஷின்தானே மூடுச்சு? புது ரிப்போர்ட் போட்டுக்கலாம், விடு."

"பழசைத்தான் சார் தெருவே குடிக்குது."

போனில் அக்காவை அழைத்தார்.

"என்னடா லேப்காரா, வேலை நேரத்துல அக்கா ஞாபகம்?"

"அக்கா, கிணத்துத் தண்ணியைத் தொடாதீங்க."

"போடா. உன் காயிதத்தைக் கண்ணாடி போட்டு கிணத்தடியிலேயே மாட்டியிருக்கோம். எதிர்வீட்டுக்காரி லாரித் தண்ணியைக்கூட நிறுத்திட்டா."

"நான் எழுதினது தப்புக்கா."

அக்காவின் குரல் இறங்கியது. "டாக்டர் நிறையத் தண்ணி குடுக்கச் சொன்னாரேடா… மணிக்கொரு தரம் நான்தானே என் கையால குடுத்தேன்?"

"எல்லாத்தையும் கொட்டுக்கா. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு. நான் இப்பவே வந்து பாக்கறேன்."

"இப்ப வந்து என்னத்தைப் பாக்கப்போறே? அன்னிக்கே பாத்திருக்கலாமேடா."