புதுச் சக்கரமும் அப்பாவும்

அப்பா மோட்டார் சைக்கிளோடு விழுந்த கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கிளம்பிய ஒரு லாரி வழியெல்லாம் தக்காளியைச் சிந்திக்கொண்டு போயிருக்கிறது. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு பழனிக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, அந்தத் தக்காளியின் மேல் வண்டியை விட்டுவிட்டார். முன் டயர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பிரேக்கைப் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் போனது, அப்பா ஒரு பக்கம் போனார். ஆஸ்பத்திரியில் சட்டையெல்லாம் சிவப்பாகக் கிடந்தவரைப் பார்த்ததும் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பிய நர்ஸ், "ரத்தம் இல்லம்மா, தக்காளி" என்றாராம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார்.

தோளெலும்பில் ஒரு விரிசல். கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். பிறகு எலும்பு கூடிவிட்டது. வண்டி மட்டும் சாக்குப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றது.

அது என்னைவிட வயதில் மூத்த வண்டி. கனத்த இரும்பு. உதைத்துக் கிளப்பினால் தெருக்கோடிவரை கேட்கும். அது ஓடாததால் அப்பா சேலைக் கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனார். கூட்டமான பஸ்ஸில் கட்டை ஏற்ற விடமாட்டார்கள். காலையில் போனவர் கடை மூடும் நேரத்துக்குப் பழனி போய்ச் சேர்வார். அங்கே அதற்குள் வேறொருவர் சரக்கை இறக்கிவிட்டுப் போயிருப்பார். அம்மா எதுவும் கேட்கமாட்டாள். ஒரு முறை மட்டும், வண்டியைச் சரிபண்ணக் கூடாதா என்று கேட்டாள்.

"அந்த முன் வீலை நம்பி எப்படி ஏறுறது? பிரேக்கு புடிச்சா அங்குட்டுத் தள்ளிப் போயில்ல நிக்குது. இப்ப புதுசா வார ஜப்பான் மாடல் வண்டிகளுக்கு இருக்கு பாரு, அந்த மாதிரி வீலும் டயரும் கிடைக்கட்டும். மாட்டிட்டு ஓட்டுறேன்."

வந்தவர்களிடமெல்லாம் அப்பா இதையே சொன்னார். சொல்லச் சொல்ல விவரம் கூடியது. அந்தப் பிரேக்குக்குள் இரண்டு கட்டைகளும் எப்படிச் சேர்ந்து பிடிக்கும், டயரில் எப்படி வெட்டு இருக்கும் என்றெல்லாம் கையாலேயே வரைந்து காட்டுவார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் அப்பா பெரிய இன்ஜினியர் என்று வகுப்பில் சொல்லிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த சித்தப்பா கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து மடியில் ஒரு சாக்கு மூட்டையோடு இறங்கினார். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே பளபளவென்று ஒரு முன்சக்கரம். பிரேக், டயர் எல்லாம் சேர்ந்தே இருந்தது. அவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது அம்மாதான். எனக்கு அது தெரியும். அப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி எனக்கு ஒரு முறுக்கும் கொடுத்திருந்தாள்.

அப்பா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எவன் விழுந்த வண்டியோட வீலுடா இது?"

"யாரும் விழல அண்ணே. நின்னுக்கிட்டிருந்த வண்டி. பின்னால லாரி இடிச்சிருச்சு. முன்னால ஒரு கீறல் கூட இல்ல, சுத்திப் பாருங்க."

அப்பா சுற்றிப் பார்த்தார். கோணல் இல்லாமல் சுற்றியது. அதன் பிறகு வேறு குறை கண்டுபிடித்தார். அச்சு மெலிதாக இருந்ததால், வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கில் நுழைத்தால் தொளதொளவென்று ஆடியது. "பாத்தியா, சேராது" என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. தான் சொன்னது சரியாகப் போனதால் வந்த சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

சித்தப்பா விடவில்லை. சக்கரத்தையும் என்னையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் மலைக்கோட்டை அடிவாரத்தில் இருந்த லேத் பட்டறைக்குப் போனார். அச்சின் இரு முனைகளுக்கும் இரும்பு வளையங்கள் கடைந்து மாட்ட வேண்டும் என்று முடிவானது. லேத் சுற்றியது. இரும்புச் சுருள்கள் என் காலடியில் விழுந்தன. அளவு பார்த்துக்கொண்டே லேத்துக்காரர் ஏதோ கேட்க, சித்தப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டயருக்கும் தலைக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சாம்ணே."

லேத்துக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு "முருகா" என்றார்.

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பட்டறையில் எல்லாப் பேச்சும் அளவைப் பற்றித்தானே. உண்மையில், தக்காளியில் அப்பா விழுந்த அன்றைக்கு அவருக்குப் பின்னால் ஒரு பஸ் வந்திருக்கிறது. டிரைவர் எப்படியோ மிதித்து நிறுத்தியபோது, பஸ் டயர் அப்பாவின் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருக்கிறது. தக்காளிக் கதையில் அந்த பஸ்ஸை யாரும் சேர்த்ததே இல்லை. எனக்கு அது தெரிய வந்தது வெகுகாலம் கழித்து.

வளையங்கள் பொருந்திவிட்டன. சக்கரத்தோடு பிரேக் தட்டும் சுற்றிவிடும் என்றார் அப்பா. சித்தப்பா ஃபோர்க்கில் ஒரு இரும்புக் காதை வெல்டிங் வைத்து அதைப் பிடித்து நிறுத்தினார். பழையதைவிடச் சின்னச் சக்கரம், வண்டி தண்ணி குடிக்கிற மாடு மாதிரி குனிந்து நிற்கிறது என்றார் அப்பா. "குனிஞ்சா என்ன, மதினிக்கு ஏற வசதிதானே" என்றார் சித்தப்பா. பழைய மீட்டர் ஒயர் புதுச் சக்கரத்தில் சேரவில்லை, வேகம் தெரியாமல் எப்படி ஓட்டுவது என்றார் அப்பா. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே, "மெதுவாப் போனா தெரியாமலா போகும்?" என்றாள்.

கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு அஷ்டமி என்றார் அப்பா. மறுநாள் நவமி என்றார். அதற்கடுத்த நாள் அம்மா கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு வாசலுக்கு வந்தாள். அதுவரை அந்த வண்டியில் அவள் ஏறியதே இல்லை. பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க, ஆத்தூர் டேமைப் பாக்கணும்னு பாப்பா ஒரே அழுகை. செத்த நேரம் போயிட்டு வந்துருவோம்."

நான் அழவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு பெட்ரோல் டேங்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா வண்டியைக் கிளப்பினார். ஊரைத் தாண்டும்வரை சைக்கிள்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போயின. மீட்டர் முள் அசையாமல் கிடந்தது. என் இரு பக்கமும் நீண்டிருந்த அப்பாவின் கைகள் விறைப்பாக இருந்தன. சின்னாளபட்டியைத் தாண்டியதும் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அப்பா வண்டியை ஓரம் கட்டிப் புளியமரத்தடியில் நிறுத்தினார். புதுப் பிரேக் நன்றாகப் பிடித்தது. பஸ் எங்களைக் கடந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"முன் வீலு என்னமோ மாதிரி இருக்கு. பாத்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். கம்பிகளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எதையும் திருகவில்லை, தட்டவில்லை. அம்மா என்னை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா என்னம்மா பாக்குறாரு?"

"வீலைத்தான். பேசாம இரு."

வயலில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பஸ் போனது. அப்பா எழுந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். அம்மாவைப் பார்த்து, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். வீட்டில் எதற்கும் அப்படிக் கேட்கிறவர் இல்லை.

"திரும்பிப் போனாலும் சரிதான். அங்குட்டுப் போனாலும் சரிதான். நான் உக்காந்துதான் இருப்பேன்" என்றாள் அம்மா.

"அங்குட்டு!" என்று நான் கத்தினேன்.

அப்பா சிரித்துவிட்டார். மூன்று பேரும் ஏறிக்கொண்டோம். இந்த முறை வண்டி ஒழுங்கான வேகத்தில் போனது. செம்பட்டியில் ஒரு மாட்டு வண்டியையும், அதற்கப்பால் ஒரு டிராக்டரையும்கூட முந்தினோம். ஆத்தூர் அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அம்மா கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தாள்.

இவ்வளவு நேரம் குந்தியிருந்து அப்பா கண்டுபிடித்தது எத்தனை பெரிய கோளாறோ என்று எனக்கு ஆவல். மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டுமே.

"வீல்ல என்னப்பா கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல தாயி" என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு கோளாறும் இல்லாத சக்கரத்தை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை, அம்மா ஏன் கைச்சோற்றை மறந்து அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.