திரும்பி வந்தவளைப் பற்றி நான் எழுதிய வரி

"கதவு திறந்திருந்தும் திரும்பி வந்தவள், அடிமைத்தனத்தைத் தானே தேர்ந்தெடுத்தவள், இப்படியொரு தாய் கதையில்தான் இருக்க முடியும்."

பன்னிரண்டாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையின் கடைசி வரி இது. தமிழாசிரியர் இதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி இரண்டு முறை படித்தார். "டேய், கடைசி பெஞ்சு நெட்டை, நீயா எழுதின?" என்றார். வகுப்பிலேயே நான்தான் உயரம். எட்டாம் வகுப்பிலேயே எனக்கு மீசை அரும்பிவிட்டது. அன்று எழுந்து நின்றபோது தலை இன்னும் கொஞ்சம் உயரத்துக்குப் போனதுபோல இருந்தது.

கட்டுரை ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றியது. அட்டை கிழிந்து பள்ளி நூலகத்தில் கிடந்த புத்தகம். வருங்காலத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் கதை. சுவர் சூழ்ந்த ஒரு நகரம். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் படுக்க வேண்டும், சாயங்காலம் வாசலில் தலை எண்ணுவார்கள். யாராவது வெளியே போக வேண்டுமென்றால் அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் உள்ளே பிணையாக இருக்க வேண்டும். அதில் ஒருத்தி, செத்துப்போன அண்ணன் முகத்தைப் பார்ப்பதற்காகத் தன் சின்னப் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுப் போகிறாள். பொழுது சாய்வதற்குள் தானே நடந்து திரும்பி வருகிறாள். அந்த அத்தியாயம் அதோடு முடிந்துவிடுகிறது.

வகுப்பில் நாங்கள் இதற்காகச் சண்டையே போட்டோம். ஓடிப்போய் நாலு பேரிடம் சொல்லி, ஆள் கூட்டி வந்து எல்லோரையும் மீட்டிருக்கலாமே என்பது என் கட்சி. அந்தக் கோபத்தில்தான் அந்த வரியை எழுதினேன்.

காஞ்சிபுரத்தில் பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு கட்டுரை போகும். எழுதியவரே மேடையில் படிக்க வேண்டும். உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் இருளர் குடியிருப்பில் பதினேழு வீடுகள். அங்கிருந்து எவரும் மேடை என்று ஒன்றில் ஏறியதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். அந்த மேடையை நான் எவ்வளவு விரும்பினேன் என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் வெள்ளைச் சட்டைகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

"வீட்டுல சத்தமா படிச்சுக் காட்டு. அவங்களுக்குப் புரிஞ்சா மேடையிலயும் எடுபடும். திங்கக்கிழமை கொண்டு வா, அனுப்பிடலாம்" என்றார் தமிழ் ஐயா.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வாசலில் ஏரி மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நைனா ஆட்டுப்பட்டியின் படலைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு மேடையில் நிற்பதுபோல நின்றேன்.

"இன்னாடா, ஓட்டு கேக்க வந்துகீறியா?" என்றார் நைனா.

படிக்க ஆரம்பித்தேன். சுவர், மணி, தலை எண்ணுவது. மீன் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது எனக்கு உடனே உறைக்கவில்லை.

"அது எந்த ஊரு?" என்று கேட்டாள் அம்மா.

"ஊரு இல்லம்மா, கதை. வெளிநாட்டுக்காரரு எழுதினது."

"அவனுக்கு யாரு சொன்னாங்க?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நைனா பக்கம் திரும்பி, "நீ யாரு கைலனா சொன்னியா?" என்றாள்.

"நான் யாரு கைல சொல்லப் போறேன்? வெளிநாட்டுக்காரன் இன்னா என்கூட மரம் வெட்டவா வரான்?" என்றார் நைனா. ஆனால் அவர் கையிலும் கயிறு அப்படியே நின்றிருந்தது.

"மேல படி" என்றாள் அம்மா.

படித்தேன். பிள்ளையை விட்டுப் போனவள், அண்ணன், பொழுது சாயும் நேரம். கடைசி வரியை ஐயா படித்ததுபோலவே நிறுத்தி, அழுத்தி, இரண்டு முறை படித்தேன். அந்த இரண்டாவது முறையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"திரும்பி வராம?" என்றாள் அம்மா. "புள்ள உள்ள கீதே."

"அதான்மா சொல்றேன். வெளிய போயி ஆளக் கூட்டிக்கினு வந்திருக்கலாம் இல்ல?"

"யாரக் கூட்டிக்கினு வர்றது? கலெக்டரு இன்னா எங்க சித்தப்பனா?"

"எதுக்கும்மா கோவப்படற? கதைதான?"

சாம்பல் கையை மடியில் துடைத்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்தாள். "அந்தப் புள்ள நீதான்டா."

நான் பள்ளிக்குப் போகும் பேருந்து ஒரு ரைஸ் மில்லைத் தாண்டித்தான் தினமும் போகிறது. உயரமான மதில், பச்சை இரும்புக் கதவு. அம்மா கூட வரும்போதெல்லாம் அந்தத் திருப்பத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். கண்ணில் வெயில் அடிக்கிறது என்று நினைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே அம்மாவும் நைனாவும் முன்பணம் வாங்கிக்கொண்டு அந்த மில்லுக்குள் போனவர்கள். நெல் அவிப்பது, களத்தில் காயப்போடுவது, மூட்டை கட்டுவது. சாயங்காலம் வாட்ச்மேன் தலை எண்ணுவான்.

அங்கே இருக்கும்போதுதான் மாகறல் பக்கத்தில் அம்மாவின் அண்ணன் செத்துப்போனதாகச் சேதி வந்தது. "போறதுன்னா போ, புள்ள இங்க இருக்கட்டும்னாங்க" என்றாள் அம்மா. "போனேன். மண்ணு தள்ற வரைக்கும்கூட இருக்கல, மூஞ்சியப் பாத்தேன், வந்துட்டேன். தண்ணிகூடக் குடிக்கல. நீ தொட்டிகிட்ட தூங்கிக்கினு கீற, மூஞ்சியெல்லாம் உமி. கைல அர பிஸ்கோத்து. அந்த வாட்ச்மேன் குட்த்துகீறான், பாவம்."

நம்ப மறுத்து, "அது எப்போ? ஆதாரம் இன்னா கீது?" என்று கேட்டேன். கட்டுரைப் பாடத்தில் ஐயா சொல்லிக்கொடுத்த சொல் அது. அம்மாவிடம் போய் அதைக் கேட்டேன்.

அம்மா உள்ளே போய் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். அதை அவள் மட்டும்தான் திறப்பாள். அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அரசு முத்திரை. கொத்தடிமைத் தொழிலாளர் விடுவிப்புச் சான்றிதழ். நைனாவின் பெயர். கீழே ஒரு தேதி.

அது என் பிறந்த தேதி. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் நான் வகுப்பில் சாக்லேட் கொடுத்திருக்கிறேன்.

"அன்னிக்கா நான் பொறந்தேன்?"

"அன்னிக்கு உனக்கு ரெண்டு வயசு, களத்துல ஓடிக்கினு இருந்தே. நம்மள வெளிய வுட வந்த ஆர்.டி.ஓ. வண்டிய பாத்துட்டு வா வான்னு கைய காட்டின" என்றாள் அம்மா. "இஸ்கூல்ல சேக்கப் போனப்ப, பொறப்பு சர்ட்டிபிகேட் குடுன்னாரு ஹெட்மாஸ்டரு. நம்மகிட்ட முத்திர போட்ட கவுருமெண்டு பேப்பரு இது ஒண்ணுதான இருந்திச்சு? குட்த்தேன். கண்ணாடியப் போட்டுக்கினு படிச்சாரு. என்னப் பாத்தாரு. உன்னப் பாத்தாரு. முன்பல்லு ரெண்டும் கொட்டிப்போயி நிக்கற நீ. ஒண்ணும் கேக்கல. எழ்திக்கினாரு."

அப்படியானால் எனக்கு இரண்டு வயது கூட. அந்த உயரமும் மீசையும் அதனால்தான். நான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா, கெயவனாயிட்டேன்னு அய்வுறியா?" என்றார் நைனா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அந்தத் தலைமையாசிரியர் இந்தத் தாளைப் படித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. நாவலில் அந்த நகரத்தைப் படித்தபோது என் உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு கற்பனை என்று வியந்து எழுதியிருந்தேன். அப்படியொரு மதிலுக்குள்தான் நான் நடக்கப் பழகியிருக்கிறேன். இன்னொன்றும் அப்போது உறைத்தது. அம்மாவும் நைனாவும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. கல்யாணமோ சாவோ ஆஸ்பத்திரியோ, ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருப்பார். ஆடுகளுக்காக என்று நினைத்திருந்தேன். ஆடு வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது.

"இத எழுதறேம்மா. நடந்தது நடந்தபடி" என்றேன்.

"எங்களப் பத்தி ஒரு எழ்த்து எழ்தாத. மில்லு அங்கதான் கீது, நீ போற பஸ்சு அந்த வயியாத்தான் போவுது." மறுபடி மீனை எடுத்தாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். "அவளப் பத்தி எழ்தினத மட்டும் அடி. அவ இன்னா பண்ணுவா?"

திங்கட்கிழமை நோட்டை ஐயாவிடம் கொடுத்தேன். கடைசி வரியை அடித்துவிட்டு, "அவள் பிள்ளை உள்ளே இருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"என்னடா இது? உயிர் வரியே அதுதானே!"

"தப்புங்க ஐயா."

"என்ன தப்பு? காரணம் சொல்லு."

நான் தரையைப் பார்த்தேன். காரணம் வாய் வரைக்கும் வந்தது. பச்சை இரும்புக் கதவு கண்ணில் நின்றது. "தப்புங்க ஐயா" என்று மறுபடி சொன்னேன்.

"பிள்ளை உள்ளே இருந்ததுன்னு கதையிலயே இருக்கு. நீ என்ன சொல்ற, அதுதான் கட்டுரை. பழையபடி எழுதிக் கொடு, இன்னிக்கே அனுப்பறேன்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்து வகுப்பு மாணவியின் கட்டுரை காஞ்சிபுரம் போனது. வெள்ளைச் சட்டையை அந்த அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தபோது, "இன்னாபா, புரோகிராம் கேன்சலா?" என்றார். ஆமாம் என்றேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோரை அழைத்திருந்தார்கள். வழக்கம்போல அம்மா மட்டும் வந்தாள். ஐயா அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உங்க பையன் நல்லா எழுதறான்மா. ஆனா நிலையில்லாத புத்தி. போட்டிக்குப் போக வேண்டிய கட்டுரை, கடைசி நேரத்துல நல்ல வரியை அடிச்சுக் கெடுத்துட்டான்."

"நான்தான் அடிக்கச் சொன்னேன் சார்."

ஐயா பேனாவை மூடிக்கொண்டே நிமிர்ந்தார். "நீங்க படிப்பீங்களா?"

"இல்ல சார். அவன் படிச்சான், கேட்டேன்."

"கேட்டு?"

"அவ வந்துதான சார் ஆவணும்? வேற எங்க போவா?"

ஐயா அம்மாவை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை. அம்மா சொன்ன அந்த ஹெட்மாஸ்டரின் பார்வை எனக்கு ஞாபகம் வந்தது. ஐயாவும் ஒன்றும் கேட்கவில்லை. மேசை மேலிருந்த ரேங்க் கார்டை அம்மா பக்கம் நகர்த்தி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார்.

அம்மா உட்காரவில்லை. கைநாட்டு வைத்த கட்டைவிரலைத் தலையில் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது.

"வாடா, பஸ்சு பூடும். வூட்ல நைனா தனியா கீறாரு."