சேசிஸில் வெட்டிய எண்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு சீமைக் கார் வெகுகாலம் நின்றது. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மாட்ட ஒரு கித்தான் துணி உண்டு. முன்பக்கம் நீளம், பின்பக்கம் குட்டை, சக்கரத்தில் சைக்கிள் மாதிரிக் கம்பிகள். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த பந்தயக் கார் அது. செட்டியார்பட்டியில் எங்கள் தெருவுக்கு யாராவது வழி கேட்டால், "கார் நிக்கிற வீட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வீட்டில் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். மில்லை மூடிவிட்டு முதலாளியின் பிள்ளைகள் வெளியூருக்குக் குடிபோனபோது, கொட்டகையில் கிடந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவருக்குக் கொடுத்தார்கள். துருவும் கரையானுமாக வந்த வண்டியை அவர் வருஷக்கணக்காகப் பிரித்து மாட்டி ஓட வைத்தார். அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்லுவாள்.

"ஏக்கா, ஒங்க வீட்டுக்காரரு ஒனக்கு ஒருநாளாவது முதுகு தேச்சு விட்டிருக்காரா? அந்த வண்டியப் பாரு, பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரில்ல குளிப்பாட்டுதாரு."

நான் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கு முன்னாலும் வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தே சும்மா நிற்பேன்.

அந்த வண்டியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தால் என் தம்பியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலாளி வீட்டில் இப்படிப்பட்ட கார்கள் இரண்டு இருந்தன. அண்ணன் முதலாளிக்கு ஒன்று, தம்பி முதலாளிக்கு ஒன்று. ஒரே கப்பலில் வந்தவை, ஒரே பச்சை நிறம். எனக்குக் கல்யாணமான புதிதில் என் கணவர்தான் என் தம்பியை அந்த வீட்டில் கார் துடைக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். தம்பி முதலாளிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது வன்னியம்பட்டிப் பக்கம் வண்டி புளியமரத்தில் மோதியது. ஓட்டியவருக்குக் கை ஒடிந்தது. என் தம்பி ரோட்டில் விழுந்து இறந்துபோனான். மீசை கூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

தகவல் வந்ததும் முதலாளி வீட்டு வேனை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போனவர் என் கணவர். திரும்பி வந்து என்னிடமும் என் அம்மாவிடமும் சொன்னார்: "அந்த எடத்துலயே போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது." கொஞ்ச நாள் கழித்து இன்னொன்றும் சொன்னார். அண்ணன் முதலாளி அவரைக் கூப்பிட்டு, அந்த வண்டி நமக்கு ஒத்து, அதாவது வேண்டாம், என்று அவர்களுடைய தெலுங்கில் சொல்லிவிட்டாராம். உயிரைக் குடித்த வண்டியை எங்கள் பக்கத்தில் யாரும் வாசலுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். லாரிக்காரர்கள்கூட வேறு ஜில்லாவுக்கு விற்றுவிடுவார்கள். "துண்டு துண்டா வெட்டி எடைக்குப் போட்டாச்சு. இனிமே அது எங்கயும் இல்ல" என்றார் என் கணவர்.

இந்த இரண்டு பேச்சையும் பிடித்துக்கொண்டுதான் என் அம்மா சாகிற வரைக்கும் இருந்தாள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு நடந்தது. ஒரே மாதிரி இரண்டு வண்டி இருந்ததால், இன்சூரன்ஸ் எந்த வண்டிக்கு, மோதியது எந்த வண்டி என்று வக்கீல்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நம்பர் பிளேட்டை மாற்றி மாட்டியிருக்கலாம் என்று ஒருவர் சொல்லுவார். அதனால் வாய்தாவுக்கு வாய்தா, வண்டியின் அடிச்சட்டத்தில், சேசிஸில், வெட்டியிருந்த எண்ணை எடுத்துப் படிப்பார்கள். முதலில் என் தம்பி பெயர், அப்புறம் அந்த எண். மூணு, எட்டு, ஏழு, நாலு. அம்மாவும் நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். வழக்கில் வேறு எதுவும் எனக்குப் புரியவில்லை. அந்த எண் மட்டும் மனசில் உட்கார்ந்துவிட்டது. துணி துவைக்கும்போதும் மாவாட்டும்போதும் வாய்க்குள் ஓடும். கடைசியில் ராஜி பேசி முடித்துவிட்டார்கள். எண் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த வண்டி அண்ணன் முதலாளியுடையது. அதன் எண் மூணு, எட்டு, ஆறு, ஒண்ணு. பானட்டைத் திறந்தால் இஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பில் ஒரு பித்தளைத் தகடு. அதில் அந்த எண் இருக்கும். வண்டி வந்த அன்றே நான் அதைத்தான் போய்ப் பார்த்தேன். பார்த்தபிறகு நிம்மதியாக மிளகாய் வற்றலை அதன் மேலேயே காயப் போட்டேன்.

ஆயுதபூஜை அன்று சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, என்னை இடது பக்கம் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்குக் கூட்டிப்போவார். வன்னியம்பட்டி தாண்டுகிறவரை நான் கண்ணை மூடிக்கொள்ளுவேன். அவரும் பேச மாட்டார். எனக்காகத்தான் பேசாமல் வருகிறார் என்று நினைத்துக்கொள்ளுவேன்.

போன வருஷம் அவருக்கு மூச்சுவாங்கல் அதிகமாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற மகள், இரண்டு பேரும் தன்னோடு வந்துவிடுங்கள் என்றாள். அவள் வீட்டில் வண்டி நிறுத்த இடம் இல்லை. யார் யாரிடமோ சொல்லிவைத்து, கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பழைய சீமைக் கார்களைத் தேடித் தேடி வாங்குகிறவராம். வந்ததும் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பானட்டைத் திறந்து பித்தளைத் தகட்டை டார்ச் அடித்துப் படித்தார்.

"தகடு சுத்தமா இருக்குதுங்க ஐயா. ஆனா நாங்க தகட்ட நம்பறதில்லீங்க."

"ஏன் தம்பி? எம் மொகத்தப் பாத்தா திருட்டு முழி தெரியுதா?" என்றார் என் கணவர்.

"அய்யோ, அப்படி இல்லீங்க. தகடு ரெண்டு ரிவெட்டுல நிக்குது. யாரு வேணா கழட்டி எதுல வேணா மாட்டலாமுங்க. ரெண்டு வண்டியப் போட்டு ஒண்ணாக்கி விக்கறவங்க இருக்காங்க. சேசிஸ்ல வெட்டுன நம்பர்தானுங்க வண்டிக்குப் பொறந்த நம்பர். மத்ததெல்லாம் சட்டை மாத்தற மாதிரி."

"அது பெயிண்டுக்குள்ள போயிருச்சு தம்பி. இனிமே தெரியாது."

"பாத்துரலாமுங்க. கம்பெனிக்காரங்க முன்னாடி இடது பக்கம், ஸ்பிரிங்கு மாட்டற முனைலதான் வெட்டுவாங்க."

அவர் சாக்கை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டார். மண்ணெண்ணெய் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கணவர் என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ உள்ள போயி டீ போடு" என்றார். போட்டுக்கொண்டு வருவதற்குள் அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி பெயிண்டைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டிருந்தார். ஒரு வெள்ளைத் தாளை இரும்பின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அப்படித்தான் எடுப்பார்களாம். தாள் கருத்துக்கொண்டே வர, எண் இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாக நின்றது.

"மூணு" என்றார். "எட்டு."

இரண்டு வண்டிக்கும் முதல் இரண்டு எண் ஒன்றுதான். நான் டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆறு இல்லியே. ஏழுங்க."

"நாலு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவர் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் பென்சிலை ஓட்டினார். "நாலேதானுங்கம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"கோர்ட்டுல வாசிப்பாங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் கணவரே சொன்னார். அண்ணன் முதலாளி வண்டியின் சேசிஸ் ஈரத்தில் கிடந்து பொத்துப்போயிருந்ததாம். மற்ற வண்டியை வெட்டிப் போடச் சொன்னபோது, மேல் தகடுகளை வெட்டினாராம், சேசிஸை வெட்ட மனசு வரவில்லையாம். சோழபுரத்தில் தெரிந்தவர் பட்டறைப் பரணில் ஏற்றிவைத்திருந்தாராம். பிறகு அதைக் கொண்டுவந்து இதற்குப் போட்டாராம்; கொட்டகைக்கு வந்த எத்தனையோ இரும்பில் அதை நான் கவனித்திருக்கவில்லை. பட்டறையில் அது ஒரு குற்றமே இல்லை. இரண்டு மோட்டாரைப் பிரித்து ஒன்றாக்குவார்கள், இரண்டு தறியைப் பிரித்து ஒன்றாக்குவார்கள்.

வாங்க வந்த தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது அந்த ரெண்டாவது வண்டிதானுங்க. அது அழிஞ்சுபோச்சுன்னுதான் எங்க ஆளுக எல்லாம் சொல்லிட்டிருந்தாங்க. எங்களுக்கு சேசிஸ்தானுங்க வண்டி." எனக்கும் அதேதான் கணக்கு. அதை நான் சொல்லவில்லை. போன் பேச அவர் தெருப்பக்கம் போனார்.

நாங்கள் இருவரும் கொட்டகையில் நின்றோம்.

"இரும்புதானட்டி" என்றார்.

"எந்த இரும்புன்னு எனக்குத் தெரியாதா."

"அவன் மேல பட்டதெல்லாம் மேல் தகடு. அத அன்னைக்கே வெட்டி எறிஞ்சுட்டேன். சேசிஸ்ல ஒண்ணுங் கெடையாது. நாந்தான் நல்லாக் கழுவுனேனே."

"ஒண்ணுமில்லன்னா எதக் கழுவுனீங்க?"

அவர் பானட்டை மூடினார். அதை எப்போதும் சத்தம் வராமல் மூடுவார், அன்றைக்கும் அப்படியேதான்.

போனை முடித்துக்கொண்டு அந்தத் தம்பி வந்தார். போனில் அந்த விபத்துக் கதையைக் கேட்டிருப்பார் போல; செத்தது என் தம்பி என்பதும் அதற்குள் அவருக்கு விளங்கியிருந்தது. குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வண்டின்னா ஒரு வரலாறு வேணுமுங்க. உங்க தம்பி போட்டோ ஒண்ணு இருந்தாக் குடுங்க. கண்காட்சில வண்டி பக்கத்துல கண்ணாடி போட்டு வெச்சுருவேன். பித்தளைத் தகடும் சரியான நம்பர் போட்டு புதுசா வெட்டிருவேனுங்க."

"போட்டோ இல்ல தம்பி" என்றேன். இருந்தது. அரிசி டிரம்முக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். "இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க."

லாரி வரச் சாயங்காலமாகிவிட்டது. பலகை போட்டு, கயிறு கட்டி, தெருப் பையன்கள் எல்லோரும் தள்ளி ஏற்றினார்கள். அடுத்த வீட்டுக்காரி என் கணவரைப் பார்த்து, "என்னண்ணே, மகளக் கட்டிக்குடுத்த அன்னைக்குக்கூட இப்படி நிக்கலியே" என்றாள். யாரோ சிரித்தார்கள். நான் கொட்டகையைக் கூட்டினேன். எண்ணெய்க்கறை போகவில்லை.

அவர் அடுக்களை வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"ஏதாவது சொல்லுட்டி. வையி. சும்மா இருக்காத."

எனக்கு வையத் தெரியாது. ஆனால் லாரி போனதிலிருந்து மனசில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது இரண்டு. அதில் ஒன்று பொய் என்றால், மற்றதை நான் எப்படி வைத்துக்கொள்ளுவது?

"நீங்க போகையில அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் அவர் ரேகைகளில் எப்போதும் இருக்கும்.

"இருந்துச்சு."

நான் அரிசியைக் களைவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார்.

"பேசுனானா?"

"தண்ணி கேட்டான். தலையில அடிபட்டவனுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும்பாகல்ல. அங்க நின்ன அம்புட்டுப் பேரும் குடுக்காத குடுக்காதன்னு சொன்னாக. வேன்ல கேன் நெறையத் தண்ணி இருந்துச்சு, ரேடியேட்டருக்கு வச்சது. அவன் அதப் பாத்துக்கிட்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தான். பொறவு கேக்கல."

"நீங்க குடுக்கல."

"பொழைக்கணும்னுதானட்டி குடுக்கல."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்திருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன். எங்கள் ஊரில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். சேசிஸை அவர் ஏன் வெட்டாமல் விட்டார் என்று அதற்கு மேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறோம். அவருக்கு முன்னறையில் கட்டில், நான் பேத்தியோடு உள்ளே படுக்கிறேன். பேச்சு நின்றுவிடவில்லை. மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிறேன், போட்டாச்சு என்கிறார். சோறு போட்டு வைக்கிறேன், சாப்பிடுகிறார். தண்ணீர் மட்டும் அவரே எழுந்துபோய்க் குடத்தில் மோந்து குடித்துக்கொள்ளுகிறார். மூச்சு வாங்குகிற நாளிலும் என்னிடம் கேட்பதில்லை. நானும் எடுத்துக் கொடுப்பதில்லை.