என் தாத்தா துப்பாக்கி பிடிக்கவில்லை

செல்வராஜ் அண்ணாச்சி, நீங்கள் என் தாத்தாவைப் பற்றிப் பொய் சொன்னீர்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று இனிமேல் சொல்ல முடியாது. நான் உங்கள் தமிழர் சங்க ஆபீசுக்கே வந்து உண்மையைச் சொன்ன பிறகும் அந்த ஃபிளெக்ஸ் தாராவியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. கல்யாணத்துக்குப் பிறகு பம்பாய்க்கு வெளியே ஐரோலியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அப்பாவைப் பார்க்கப் போவேன். போன மாதம் அப்படிப் போய், சயானில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். ஒரு மட்டன் கடைக்கு மேலே என் தாத்தா ராணுவ உடுப்பில் நின்றார். முகம் மட்டும்தான் அவருடையது. எங்கள் வீட்டுக் கல்யாண போட்டோ ஒன்றிலிருந்து அதை வெட்டி எடுத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே யாரோ. தலையில் தொப்பி, தோளில் துப்பாக்கி, மார்பில் மெடல்கள். ‘தாராவி தந்த விடுதலை வீரர் ஞானமுத்து’ என்று பெரிய எழுத்து. கீழே அண்ணாச்சி கைகூப்பி நிற்கிறார், தாத்தாவைவிடப் பெரிதாக. தாத்தா உயிரோடு இந்த ரோட்டில் நடந்த காலத்தில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

தாத்தா நாங்குநேரிப் பக்கத்துக்காரர். யுத்த காலத்தில் ஊரில் அரிசி இல்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கூலி ஆள் எடுத்தார்கள். சோறு போடுவார்கள் என்று போனார். கையில் மண்வெட்டியைக் கொடுத்து அஸ்ஸாம் பக்கம் மலையில் ரோடு போட அனுப்பினார்கள். சண்டை அந்த மலைக்கே வந்தபோது, அதே மண்வெட்டியால் குழி வெட்டச் சொன்னார்கள். வெள்ளைக்காரனைப் புதைத்தார், ஜப்பான்காரனைப் புதைத்தார், ஜப்பான்காரனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்து வந்த நம் ஆட்களையும் புதைத்தார். அண்ணாச்சி அவர் தலையில் வைத்திருக்கிறாரே, அது அந்தக் கடைசி ஆட்களின் தொப்பி. அந்தத் தொப்பி போட்டிருந்தவர்களின் மேல் என் தாத்தா மண் தள்ளினார். அதில் ஒருவன் கழுத்தில் சிலுவை கிடந்தது என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியவரால் அங்கே இருக்க முடியவில்லை. தாராவிக்கு வந்து தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தார். எனக்கு அவரை நினைத்தால் கல்லறைத் தோட்டத்து கேட்தான் ஞாபகம் வருகிறது. நம் ஆட்கள் அடக்கத்துக்குப் போனால் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் பெட்டியின்மேல் போடுவோம். தாத்தா போடமாட்டார். எல்லா அடக்கத்துக்கும் வருவார், கேட்டிலேயே நின்றுவிடுவார். சொந்த மனைவி போனபோதும் அப்படித்தான். பொண்டாட்டிக்கு ஒரு பிடி மண் போடாத மனுஷன் என்று சபையில் ரொம்ப நாள் பேசினார்கள். ஏன் போடவில்லை என்று நான் கேட்டேன். “போட்டது போதும்ட்டி” என்றார்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள். யாரை இங்கேயே வைப்பது, யாரை ஊருக்கு வெளியே தள்ளுவது என்று பேச்சு நடக்கிறது. இந்த நேரத்தில் தமிழன் பெருமையைக் காட்டியாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

“நம்ம ஆளுவ இந்த நாட்டுக்கு ரத்தம் குடுத்தவுகன்னு தெரிஞ்சாத்தான் தங்கச்சி இங்கயே குடியிருக்க ஜகா குடுப்பான். இல்லைன்னா உப்பளத்துப் பக்கம் தூக்கி எறிஞ்சிருவான். குழி வெட்டுனாருன்னு ஃபிளெக்ஸ் வைக்கச் சொல்லுதியளா?”

“வையுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “ஒங்களுக்கென்ன, ஐரோலில பில்டிங். இங்க பத்துக்குப் பத்து ரூம்பு, கோலிக்குள்ள கெடக்கது நாங்கல்லா.”

அது குத்தியது. உண்மையும்கூட. அதற்காகப் பொய் உண்மையாகிவிடாது.

ஃபிளெக்ஸ் படம் வாட்ஸப்பில் ஐரோலி வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் பில்டிங்கில் ஒரு மராத்திப் பெரியவர் லிஃப்ட்டில் என்னைப் பார்த்து, உங்கள் தாத்தா ஃபௌஜியா, பட்டாளத்துக்காரரா என்று ஹிந்தியில் கேட்டார். இல்லை, அவர் ‘கட்டா’ வெட்டியவர் என்றேன். கட்டா என்றால் குழி. “அச்சா, மோர்ச்சா” என்றார் அவர். சண்டைக்காரர்கள் பதுங்கிச் சுடும் குழி என்று எடுத்துக்கொண்டார். பிணத்துக்கு வெட்டிய குழி என்று விளக்குவதற்குள் அவர் மாடி வந்துவிட்டது. எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அசதியாக இருந்தது. இந்த ஊரில் எதையும் இரண்டாவது தடவை விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவிடம் போனேன். ஃபிளெக்ஸ் வைத்த அன்றைக்குச் சங்கம் நடத்திய கூட்டத்தில் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அதைப் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கழற்றிவிடுவார்கள், சொல்லுங்கள் என்றேன்.

“எனக்குத் தெரியாதாட்டி?” என்றார் அப்பா. “சின்ன வயசுல இருந்து குழிவெட்டி மவன், குழிவெட்டி மவன்னுதான் கூப்பிட்டானுவ. இப்பம் டீக்கடைக்குப் போனா எந்திரிச்சு எடம் குடுக்கானுவ. நான் சாவுறது வரைக்கும் தொங்கிட்டுப் போட்டும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. என் அப்பாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை ஒரு பொய்யில் இருக்கிறது, அதைக் கழற்றச் சொல்பவள் அவர் மகள். யோசித்துப் பார்த்தேன். அவரை அப்படிக் கூப்பிட்டது மராத்திக்காரன் இல்லை. நம் தெருக்காரர்கள்தான், நம் சபைக்காரர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்றைக்கு அந்தக் குழிவெட்டிக்கு உடுப்பு மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

தாத்தா புதைத்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த மலையில் பேர் வெட்டிய கல் இருக்கிறதாம். தாத்தாவுக்கு எங்கேயும் கல் கிடையாது. பம்பாயில் குழி யாருக்கும் சொந்தமில்லை. சில வருஷத்தில் எலும்பை அள்ளிப் பொதுக் கிணற்றில் போட்டுவிட்டு அடுத்த ஆளை வைத்துவிடுவார்கள். ஊரில் கேட்டால் அவர் பம்பாய்க்காரர். பம்பாயில் கேட்டால் மதராசி. அவருடையது என்று மிச்சம் இருந்தது அவர் செய்த வேலை ஒன்றுதான். அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

அண்ணாச்சி, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முழுக்க இருக்கும்போது மைக்கைப் பிடித்து, எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சண்டை போடாமல், மண் மட்டும் வெட்டிய ஒரு கூலிக்காரனின் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் இருக்க உரிமை உண்டா, இல்லையா? உண்டு என்றால் எதற்காக அந்தத் துப்பாக்கி? இல்லை என்றால், அதை என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். என் அப்பா முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.